கொப்பியில் ஏறிய உவர்: வலிகாமத்துக் குடிநீர்த் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள வலிகாமத்தின் செம்மண் பகுதியில், கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே, ஏறத்தாழ 140 வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறிய திட்டம் இது. நடத்துவது ஒரு நீர்ப் பாவனையாளர் சங்கம். மூன்று கிணறுகளும் 45 கனமீற்றர் கொள்ளும் உயர்தாங்கி ஒன்றும் உள்ளன. மணிக்கு 12 கனமீற்றர் இறைக்கும் மோட்டர்கள் ஒவ்வொரு கிணற்றிலும் உண்டு. ஒருநாள் தேவை சுமார் 60 கனமீற்றர், அதாவது ஐந்து மணி நேர இறைப்பு. மூன்று கிணறுகள் இருந்தும் வருடம் முழுக்க வேலை செய்தது ஒன்றாம் கிணறுதான். அது தாங்கிக்குக் கீழேயே இருக்கிறது, மின் செலவு குறைவு, ஆளும் நடக்கத் தேவையில்லை. மற்ற இரண்டும் 400 மீற்றர், 700 மீற்றர் தள்ளித் தோட்டக் காணிகளுக்குள் இருக்கின்றன.

2022 புரட்டாதியில் முறைப்பாடுகள் கூடின. தேத்தண்ணி கரிக்குது, கேத்திலில் வெள்ளை படியுது என்றார்கள். வெள்ளைப் படிவு சுண்ணாம்புக்கல் நிலத்தில் எப்போதும் உள்ள கதை. கரிப்பு அப்படியல்ல. சங்கம் புதுக் கிணறு தோண்டலாமா, உவர் நீக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று யோசித்தது. அதற்கு முன்னர், தங்களிடம் இருந்த இரண்டு வருடப் பதிவுக் கொப்பிகளை வைத்து "எவ்வளவு இறைத்தால் எவ்வளவு உவர் ஏறும்" என்று கணித்துத் தரும்படி பொறியியல் பட்டதாரிகள் அடங்கிய சிறு குழுவொன்றைக் கேட்டது. 2023 மாசியில் வேலை தொடங்கியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று எடுத்தால், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கவேண்டும் என்பது பாடக்கணக்கு. உண்மையில் இரண்டுக்கும் நடுவில் கோடு இல்லை, கலங்கிய ஒரு படை இருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை ஊரில் அறியாதவர் இல்லை.

கையில் இருந்த தரவு

2021 தை முதல் 2023 தை வரையான கொப்பிகளில் திகதி, மோட்டர் போட்ட நேரம், நிறுத்திய நேரம், கைமீற்றரில் பார்த்த மின்கடத்துதிறன், கிணற்று நீர்மட்டம், குறிப்பு என ஆறு நிரல்கள் இருந்தன. தண்ணீரில் உப்பு கூடக் கூடும் மின்கடத்துதிறன் மைக்ரோசீமன்ஸ்/சென்ரிமீற்றரில் எழுதப்பட்டிருந்தது. இனி வருவதெல்லாம் அந்த அலகுதான். தை மாதத்தில் 1150 அளவில் இருந்த பெறுமானம் புரட்டாதியில் 2300ஐத் தொட்டது. மழைக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வானிலை நிலையத்தின் நாளாந்தப் பதிவு சேர்க்கப்பட்டது.

எக்செல்லில் ஏற்றும்போதே முதல் பிழை நடந்தது. கணினி அமெரிக்க முறையில் திகதி வாசிக்கும்படி இருந்ததால் 03/04 என்பது சித்திரை (ஏப்ரல்) 3 ஆகாமல் பங்குனி (மார்ச்) 4 ஆனது. 12ஆம் திகதிக்குப் பிந்தியவை எழுத்தாகவே நின்றன. மாதத்தின் முதல் 12 நாட்கள் மட்டும் இடம்மாறிப் போயின. கோடைப் பெறுமானங்களுக்கு நடுவில் மாரிப் பெறுமானங்கள் துருத்திக்கொண்டு நின்றதால்தான் இது பிடிபட்டது. வருடம் முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கும் கிணறாக இருந்திருந்தால் யாரும் கண்டிருக்கமாட்டார்கள்.

முதல் மாதிரி

இறைப்பு நேரம், கடந்த 30 நாள் மழை, நீர்மட்டம் ஆகிய மூன்றையும் கொண்டு உவரைக் கணிக்கும் பன்மாறி நேர்கோட்டுத் தொடர்பு ஒன்று கட்டப்பட்டது. இனி மாதிரி என்பது இதைத்தான். ஆர்-வர்க்கம் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.81. தரவை எழுந்தமானமாக 80க்கு 20 என்று பிரித்துச் சோதித்தபோதும் 0.79. இந்த இடத்தில் நிறுத்தி அறிக்கை எழுதியிருந்தால் சங்கம் கைதட்டியிருக்கும்.

குழுவில் ஒருவர் 2022 கோடையை முழுதாக ஒதுக்கி வைத்து, மீதியில் கட்டிய மாதிரியால் அதைக் கணிக்கச் செய்தார். சராசரிப் பிழை 95இல் இருந்து 410க்குப் போனது. "நேற்றைய பெறுமானமே இன்றும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் வரும் பிழை 60. இதற்குக் காரணங்கள் இரண்டு. கோடையில் உவரும் ஏறுகிறது, தண்ணீர்ப் பாவனையும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து ஏறுவதால் ஒன்று மற்றதன் காரணம் போலத் தெரியும். அடுத்தது, எழுந்தமானப் பிரிப்பில் திங்கட்கிழமை பயிற்சியிலும் செவ்வாய்க்கிழமை சோதனையிலும் விழும். அடுத்தடுத்த நாட்கள் ஏறத்தாழ ஒரே பெறுமானம் என்பதால், விடையைக் கையில் கொடுத்துவிட்டுச் சோதனை வைத்த மாதிரி ஆகிறது.

தரவை விட்டுப் பௌதிகத்தால் போகலாமா என்றும் பார்த்தார்கள். ஒன்றாம் கிணற்றின் அடியில் முன்னொரு காலத்தில் நாலு அங்குலத் துளை ஒன்று இறக்கப்பட்டிருந்தது. அதன் நுனி கடல் மட்டத்துக்குக் கீழே 8 மீற்றரில் நிற்கிறது. கோடை முடிவில் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 0.3 மீற்றர். நாற்பது மடங்குக் கணக்கில் உவர் எல்லை 12 மீற்றரில். ஆகவே இடைவெளி 4 மீற்றர். நாளொன்றுக்கு 60 கனமீற்றர் இறைத்தால் உவர்நீர் கூம்பாக எவ்வளவு எழும் என்பதற்கு வழக்கமான சூத்திரம் உண்டு: இறைப்பு அளவை 2π, இடைவெளி, ஊடுகடத்துதிறன் (நிலம் தண்ணீரை ஊடுருவ விடும் அளவு), அடர்த்தி வித்தியாசமான 0.025 ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்கவேண்டும். ஊடுகடத்துதிறன் நாளுக்கு 20 மீற்றர் என்றால் 4.8 மீற்றர் எழும், உவர் துளைக்குள் வந்துவிடும். 200 மீற்றர் என்றால் அரை மீற்றர்கூட இல்லை, பயமில்லை. குகையும் வெடிப்பும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் இரண்டுமே நடக்கக்கூடியவை. இறுதி முடிவையே புரட்டிவிடும் ஒரு எண்ணை ஊகித்துப் போடுவதில் அர்த்தமில்லை என்று அந்தக் கணக்கு அங்கேயே விடப்பட்டது.

கொப்பி எழுதப்பட்ட விதம்

பெறுமானங்களின் கடைசி இரண்டு இலக்கங்களை எண்ணிப் பார்த்தபோது 00இலும் 50இலும் முடிபவை 41 வீதம். இயல்பாக இது 2 வீதம்தான் இருக்கவேண்டும். ஆள் குத்துமதிப்பாய் எழுதுகிறார் என்று முடிவெடுக்கும் அவசரம் குழுவுக்கு இருந்தது. மீற்றரைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அதில் பாதி நியாயமில்லை என்று தெரிந்தது. அந்த மீற்றர் 1999 வரைதான் ஒவ்வொரு அலகாகக் காட்டும். அதற்கு மேல் பத்துப் பத்தாகத் தாவும். எனவே 2000க்கு மேற்பட்ட நாட்களில் 20 வீதம் இயல்பே. 2000க்குக் கீழே உள்ள நாட்களை மட்டும் எடுத்தபோதும் 37 வீதம் நின்றது. அது மனிதக் கை.

இறைப்பைப் பார்த்தவர்கள் இரண்டு பேர், காலையில் ஒருவர், பின்னேரம் ஒருவர். குழு இரண்டு கிழமை அவர்களோடு நின்றது. கேள்விக்கொத்து கொடுக்காமல் கூட நின்றதுதான் இந்த ஆய்வில் எடுத்த முடிவுகளில் சிறந்தது. மூத்தவர் நாலாம் நாள் தானாகச் சொன்னார்: "வெறுமையா விட்டா கூட்டத்தில கேள்வி வரும் தம்பி. மீற்றர் பற்றரி செத்துக் கிடந்தா நான் என்ன செய்யிறது? முந்தின நாளையப் போட்டுவிடுறது." கொப்பியில் ஐந்து நாள், ஏழு நாள் என்று ஒரே எண் தொடர்ந்து வந்த இடங்கள் அவை.

வேறு இரண்டும் தெரியவந்தன. காலையில் இருப்பவர் மோட்டர் போடுமுன் கிணற்றில் வாளி விட்டு அள்ளி அளந்தார். பின்னேரம் இருப்பவர் தாங்கிக்குக் கீழே உள்ள குழாயில் போத்தல் பிடித்து, மதிலில் வைத்துவிட்டு, வால்வு வேலை முடிந்த பிறகு அளந்தார். ஒன்று ஆறிய கிணற்றின் மேல்தண்ணீர். மற்றது நேற்றையதும் இன்றையதும் கலந்த தாங்கித் தண்ணீர், வெயிலில் சூடேறியது. மீற்றரின் வெப்பநிலைத் திருத்தம் எப்போதோ அணைந்திருந்தது. பாகைக்கு ஏறத்தாழ 2 வீதம் என்பதால் 28 பாகையில் அள்ளிய தண்ணீர் 34 பாகையில் அளக்கப்பட்டால் 12 வீதம் கூடித் தெரியும். 2000 அலகில் அது 240. மாதிரி பிடித்த "இறைப்பின் தாக்கத்தில்" ஒரு பங்கு மதில் வெயில்.

உடனே செய்தவை: 25 பாகைக்குத் திருத்தம் போடப்பட்டது. அளக்கும் இடம் ஒன்றாம் கிணற்று வெளிவிடு குழாய், நேரம் இறைப்பு முடியக் கடைசி ஐந்து நிமிடம் என்று நிலைப்படுத்தப்பட்டது. கிழமைக்கு ஒருதரம் 1413 அலகு நியமக் கரைசலில் மீற்றரைச் சரிபார்ப்பது தொடங்கியது. கொப்பியில் "அளக்கவில்லை" என்று ஒரு நிரலும், அதற்குக் கீழே மின்வெட்டு, மீற்றர் பழுது, ஆள் இல்லை என மூன்று கட்டங்களும் சேர்க்கப்பட்டன. முதல் மாதமே 14 வீதம் வெறுமை வந்தது. முன்னம் ஒருநாளும் விடுபடாத கொப்பி இப்போது மட்டும் ஏன் விடுபடுகிறது என்று தலைவர் கோபித்தார். அவருக்கு விளங்கவைக்க ஒரு முழுக் கூட்டம் போனது.

மின்வெட்டு தந்த இடைவெளி

பருவத்தோடு சேராத இறைப்பு மாற்றம் எங்காவது கொப்பியில் இருக்கிறதா என்று தேடியபோது 2022 பங்குனி, சித்திரை கண்ணில் பட்டது. நாடு முழுவதும் நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு இருந்த காலம். பங்குனி முடிவில் அது 13 மணி நேரம் வரை போனது. யாரும் கிணற்றின் உப்பைப் பார்த்து மின்சாரத்தை நிறுத்தவில்லை, ஆகவே இயற்கையே வைத்த பரிசோதனை என்று எடுக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இறைத்த நாட்களின் மறுநாள் பெறுமானம் தெளிவாக இறங்கியிருந்தது.

குழுவின் மகிழ்ச்சி ஒரு கிழமைதான். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வசனம் அதைக் குலைத்தது: அந்த நாட்களில் மண்ணெண்ணெயும் இல்லை. சுற்றியுள்ள வெங்காயத் தோட்டங்களின் மண்ணெண்ணெய் மெசின்களும் அதே நாட்களில் நின்றிருந்தன. கிணறு ஆறியது திட்டத்தின் மோட்டர் நின்றதாலா, ஊர் முழுவதும் இறைப்பு நின்றதாலா என்று கொப்பியால் சொல்ல முடியாது. தோட்ட இறைப்பை யாரும் பதிவதில்லை.

தீர்மானம்: மாற்றி மாற்றி இறைத்தல்

பழைய தரவைப் பிழிவதை நிறுத்திவிட்டு, 2023 கோடையில் வேண்டுமென்றே இறைப்பை மாற்றிப் பார்ப்பது என்று முடிவானது. வைகாசி நடு முதல் புரட்டாதி நடு வரை 18 கிழமைகள், இரண்டிரண்டாக ஒன்பது சோடிகள். சோடியின் ஒரு கிழமையில் ஒன்றாம் கிணறு மட்டும் ஐந்து மணி நேரம் தொடர்ந்து. மற்றக் கிழமையில் ஒன்றாவது இரண்டு மணி நேரம், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றரை ஒன்றரை. எது முதலில் என்பது நாணயம் சுண்டி. பருவத்தின் ஏற்றம் சோடிக்குள் சமப்படும். தோட்டக்காரரின் இறைப்பு நாணயத்தைக் கேட்டு நடக்காது. ஒவ்வொரு கிழமையின் முதல் இரண்டு நாட்களும் முந்திய கிழமையின் மிச்சம் என்பதால் கணக்கில் எடுக்கப்படவில்லை. வெளிவிடு குழாயில் 15 நிமிடத்துக்கு ஒருதரம் பதியும் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. கைமீற்றர் அளவையும் நிறுத்தவில்லை.

தொடங்கமுன் செய்த இன்னொரு வேலை, ஒன்றாம் கிணற்றுக்குள் உணரியை அரை மீற்றர் அரை மீற்றராக இறக்கி அளந்தது. கிணற்று அடி வரை 1600க்குள் நின்ற பெறுமானம் துளைக்குள் மூன்று மீற்றர் இறங்கியதும் 2900, நுனியில் 5200. கயிற்றைப் பிடித்திருந்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் காட்டியதை இரண்டு வருடக் கொப்பி காட்டவில்லை.

நடுவில் பிழைத்தவை

நாலாம் கிழமையில் மூன்றாம் கிணற்று மோட்டர் தண்ணீர் தூக்கவில்லை. பல மாதம் ஓடாமல் கிடந்ததில் புட் வால்வின் (தண்ணீர் திரும்பிப் போகாமல் குழாயின் அடியில் தடுக்கும் வால்வு) றப்பர் காய்ந்து, இரவில் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிட்டது. பார்த்தவர் தாங்கி வெறுமையாகக்கூடாது என்று ஒன்றாம் கிணற்றையே போட்டார், அதைக் கொப்பியிலும் எழுதினார். பழைய கொப்பியாக இருந்தால் அது மறைந்திருக்கும். அந்த நாட்கள் நீக்கப்பட்டன, றப்பர் மாற்றப்பட்டது.

ஆறாம் சோடியில் பதிகருவி சிறுகச் சிறுக இறங்கிக்கொண்டே போனது. உணரியின் முனையில் சுண்ணாம்பு படிந்திருந்தது. வினாகிரியில் ஊறவைத்துக் கழுவியதும் சரியானது. கைமீற்றர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் விலகல் தெரிந்தது.

பெரிய பிழை நைத்திரேற்றில் (பசளையிலிருந்து தண்ணீருக்கு இறங்கும், கூடினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தான உப்பு). மூன்றாம் கிணறு தோட்டங்களின் நடுவில் இருப்பதால் பசளைக் கசிவு இருக்கும் என்று எதிர்பார்த்து, பங்குனியிலேயே ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் மாதிரி அனுப்பியிருந்தார்கள். வந்த எண் லீற்றருக்கு 9.8 மில்லிகிராம். எல்லை 50. பிரச்சினையில்லை என்று எழுதிவிட்டுக் கடந்தார்கள். ஆனி மாதம் வேறொரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பியபோது 58 என்று வந்தது. கிணறு கெட்டுவிட்டது என்று பதறி முதல் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தால், அது நைத்திரேற்றாக அல்ல, நைத்திரேற்றில் உள்ள நைதரசனாகக் கொடுக்கப்பட்ட எண். நைத்திரேற்றின் மூலக்கூற்று எடை 62, நைதரசன் 14. 4.43ஆல் பெருக்கினால் 9.8 என்பது 43. ஆக, பங்குனியிலேயே எல்லையின் வாசலில் நின்றிருக்கிறது. அலகு நிரலில் இருந்த சிறிய எழுத்தை விரிதாளுக்கு மாற்றும்போது விட்டுவிட்டார்கள். அதைத் தட்டச்சு செய்தது குழுவைச் சேர்ந்தவரே. கொப்பி எழுதியவர்களிடம் எடுத்த கணக்கைத் தங்களிடம் எடுக்கவில்லை.

இதன் கனம் சிறிதல்ல. உவரைக் குறைக்கத் தண்ணீரைப் பிரித்ததால், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு நைத்திரேற்றைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றாம் கிணற்றில் 22, இரண்டாவதில் 30, மூன்றாவதில் 58. இறைப்பு நேரப்படி கலந்தால் தாங்கியில் 35. எல்லைக்குள்தான், ஆனால் முன்பிருந்த 22 அல்ல. மூன்றாவதை முக்கால் மணி நேரமாகக் குறைத்து, இரண்டாவதை இரண்டேகால் மணி நேரமாக்கினார்கள், கலவை 31க்கு வந்தது. தாங்கி வெறுமையாக இருக்கும்போது மூன்றாவதைப் போடாமல், நடுவில் போடுவது என்றும் வைத்தார்கள். ஒன்றாம் கிணற்றின் இரண்டு மணி நேரம் மாறாததால் ஒப்பீடு குலையவில்லை. விடயம் பொதுக்கூட்டத்தில் வீட்டுக்காரருக்கு நேரே சொல்லப்பட்டது. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றச் செறிவு கூடும் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. போய்விடும் என்று நம்பித்தான் பலர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

விளைவு

ஒன்பது சோடிகளில் எட்டில், பிரித்து இறைத்த கிழமையில் ஒன்றாம் கிணற்றின் முடிவுநேரப் பெறுமானம் குறைவாக இருந்தது. சராசரி வித்தியாசம் 290 அலகு, 95 வீத நம்பிக்கை இடைவெளி (உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு) 130 முதல் 450 வரை. இடைவெளி அகலம்தான், ஒன்பது சோடிக்கு அதற்கு மேல் கேட்கமுடியாது. முதல் மாதிரி இதே மாற்றத்துக்கு 90 என்று சொல்லியிருந்தது. பதிகருவியின் நாளாந்த வளைகோடு காரணத்தையும் காட்டியது. முதல் இரண்டரை மணி நேரம் பெறுமானம் கிட்டத்தட்டச் சமமாகப் போகும், அதன்பிறகு செங்குத்தாக ஏறும். துளைத் தண்ணீர் வந்து சேரும் நேரம் அது.

சங்கத்தின் பக்கம் கணக்கு வேறு. தூரக் கிணறுகளிலிருந்து தள்ளுவதால் மின் அலகு கூடும். 2023 மாசியில் கட்டணமும் ஏறியிருந்தது. சைக்கிளில் இரண்டு கிணற்றுக்கும் போய்வரப் படி கேட்டார்கள், நியாயமான கேள்வி. வருடம் முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை என்று குழு காட்டியது. கைபேசியில் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு ஒன்றை இளையவர்கள் முன்வைத்தார்கள். மூத்தவர் கேட்டார்: "தம்பி, கிணத்துச் சுவரில ஒரு கோடு கீறிவிட்டா காணாதே?" நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 0.6 மீற்றருக்கு இறங்கும் இடத்தில் கிணற்றுக்கட்டின் உட்புறம் சிவப்புப் பெயின்ரால் கோடு போடப்பட்டது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே என்றால் மூன்று கிணறு, மேலே என்றால் ஒன்று. உவர் நீக்கும் இயந்திரம் வாங்கும் யோசனை ஒத்திவைக்கப்பட்டது.

2024 தையில் துளையின் கீழ்ப்பகுதி பென்ரனைற் களியும் சீமெந்துச் சாந்தும் இட்டு அடைக்கப்பட்டது. அந்த வருடக் கோடையில் ஒன்றாம் கிணற்றின் உச்சம் 1720. 2022இன் 2300ஓடு ஒப்பிட்டுச் சங்கம் மகிழ்ந்தது. ஆனால் பிரித்து இறைத்தது, துளை அடைத்தது, முந்திய மாரி ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன.

மறுபடி செய்வதானால்

துளைக்குள் உணரி இறக்குவது முதல் நாள் வேலையாக இருக்கும். மாதிரி கட்டச் செலவான ஐந்து கிழமையில் நாலு மிஞ்சும்.

கொப்பியை எழுதுபவர்களோடு நிற்பது தரவை ஏற்றுமுன் நடக்கவேண்டும். எந்த ஆய்வுகூட எண்ணும் அலகும் வடிவமும் தனித்தனி நிரல்களில் ஏறாமல் விரிதாளுக்குள் வரக்கூடாது. ஒருவர் ஏற்ற, மற்றவர் மூல அறிக்கையோடு ஒத்துப் பார்க்கவேண்டும்.

துளை அடைப்பதை ஒரு கோடை தள்ளிப்போட்டிருந்தால் கோடு போட்டதன் பலனைத் தனியாக அளந்திருக்கலாம். சங்கம் அதற்குச் சம்மதித்திருக்குமா என்பது வேறு. இன்னொரு கோடை கரிக்கும் தண்ணீர் குடியுங்கள் என்று ஆய்வுக்காகக் கேட்பது சரியும் அல்ல.

தோட்ட இறைப்பு இன்னும் பதியப்படவில்லை. சுற்றியுள்ள பன்னிரண்டு தோட்டக்காரரில் நாலு பேர் மெசின் போடும் நாட்களைச் சுவர்க் கலண்டரில் புள்ளி வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். மூன்றாம் கிணற்றின் நைத்திரேற்று இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளக்கப்படுகிறது, எண்ணுக்குப் பக்கத்தில் "நைத்திரேற்றாக" என்று முழுச்சொல்லில் எழுதி.